உள்ளூர் தொலைக்காட்சியில் செய்தியாளராகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் ஏறக்குறைய எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் கோவில்பட்டி, காரைக்குடி, பொள்ளாச்சி போன்ற பெரிய ஊர்களிலும் உள்ளூர் கேபிள் சேனல்கள் இயங்குகின்றன. பெரும்பாலானவை கடைவீதி மாடியில் இரண்டு அறைகள், பச்சைத் திரை கட்டிய ஒரு மூலை, எடிட்டிங்குக்கு ஒரு கணினி, இரண்டு அல்லது மூன்று செய்தியாளர்கள் என்ற அளவில்தான் இருக்கும். கல்லூரியில் இதழியல் படித்தவர்களும், படிக்காமல் ஆர்வத்தால் வருபவர்களும் இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் பெரும்பாலும் இதுதான். நகராட்சியின் குடிநீர்க் குளறுபடியையும், அரசு மருத்துவமனையில் மருத்துவர் இல்லாததையும் ஊருக்கு முதலில் காட்டுவது இந்தச் சிறிய சேனல்களே என்பதால், இங்கே செய்யும் வேலை சிறிய வேலை அல்ல. ஆனால் சம்பளம், பெட்ரோல், அடையாள அட்டை ஆகிய மூன்றையும் சேரும் நாளிலேயே பேசி முடிக்காத ஒருவர், சில மாதங்களுக்குள் செய்தி சேகரிக்கப் போகும் இடத்திலேயே கைநீட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார் என்பதையும் தெரிந்துகொண்டே உள்ளே வர வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ளவை எல்லாம் அந்த நிலை வராமல் காத்துக்கொள்வதற்கான ஏற்பாடுகள்.

முதல் படி: எந்த வகை நிறுவனம் என்று பாருங்கள்

"டி.வி." என்ற பெயரில் இன்று மூன்று வகை நிறுவனங்கள் இருக்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதியோடு ஒளிபரப்பாகும் செயற்கைக்கோள் சேனல்கள் முதல் வகை. அவற்றுக்கு மாவட்டச் செய்தியாளர்களும், அவர்களுக்குக் கீழே தாலுகா செய்தியாளர்களும் இருப்பார்கள். கேபிள் நிறுவனத்தின் வழியாக ஓர் ஊருக்கோ மாவட்டத்துக்கோ மட்டும் ஒளிபரப்பாகும் உள்ளூர் சேனல்கள் இரண்டாவது வகை. யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் மட்டும் இயங்கிக்கொண்டு பெயரில் டி.வி. என்று சேர்த்துக்கொண்டவை மூன்றாவது வகை. மூன்றிலும் நல்ல வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், உங்களுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பும் அரசு அலுவலகங்களில் கிடைக்கும் மரியாதையும் வகைக்கு வகை மாறும்.

உள்ளூர் கேபிள் சேனல்கள் 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டவை. விதிமீறல் இருந்தால் கேபிள் நிறுவனத்தின் கருவிகளைக் கைப்பற்றும் அதிகாரம் அந்தச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், காவல் ஆணையர் போன்றோருக்கு உண்டு. கேபிள் நிறுவனங்கள் நடத்தும் உள்ளூர் சேனல்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022 நவம்பரில் அமைச்சகம் நெறிமுறைகளையும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. 2007இல் தொடங்கப்பட்டு 2011இல் மீண்டும் உயிர்பெற்ற அரசு கேபிள் டி.வி. நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸில் இடம் கிடைப்பதும் பறிபோவதும் பல சேனல்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. ஆகவே, ஆட்சியர் அலுவலகத்தைக் கடுமையாக விமர்சிக்கும் செய்தியை உங்கள் உரிமையாளர் ஏன் தயங்கித் தயங்கிப் பார்க்கிறார் என்பது சேர்ந்த பிறகு புரிவதைவிடச் சேரும் முன்னரே புரிவது நல்லது.

நேர்காணலுக்குப் போவதற்கு முன் அந்தச் சேனலின் மாலைச் செய்தியை ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். எந்த நகைக்கடை, எந்தத் தனியார் பள்ளி, எந்த மருத்துவமனை விளம்பரம் தருகிறது என்பதையும், அந்த நிறுவனங்களைப் பற்றிய செய்தி எப்படி வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் கேபிள் ஆபரேட்டரா, மனை வணிகம் செய்பவரா, கட்சிக்காரரா என்று விசாரியுங்கள். இவற்றைவிட முக்கியமானது, அங்கே வேலை பார்த்து விலகிய ஒருவரைத் தேடிப்பிடித்து, "கடைசி மாதச் சம்பளம் வந்ததா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்பது. அந்தப் பதிலில் நிறுவனத்தின் குணம் தெரிந்துவிடும்.

அடையாள அட்டைக்கும் மைக்குக்கும் "டெபாசிட்" கட்டச் சொல்லும் நிறுவனத்தில் சேர வேண்டாம். செய்தியாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு அட்டை கொடுப்பவர்கள், அந்தப் பணத்தை நீங்கள் ஊரில் எப்படியாவது சம்பாதித்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படிப் பிழைப்பவர்கள் பெருகியதால்தான், போலிப் பத்திரிகையாளர்களைக் களைய ஓர் அமைப்பை ஏற்படுத்துமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிடும் நிலை வந்தது.

இரண்டாம் படி: பணி ஆணை கேளுங்கள்

உள்ளூர் சேனல்களில் "நாளையிலிருந்து வாங்க தம்பி, பார்த்துக்கலாம்" என்பதுதான் பெரும்பாலும் நியமன முறை. பார்த்துக்கலாம் என்ற சொல்லை நம்பி இரண்டு மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டு, வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வெளியே வருபவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பதவி, சேரும் தேதி, மாதச் சம்பளம் அல்லது ஒரு செய்திக்கான தொகை, வார விடுமுறை, பயணப்படி ஆகிய ஐந்தையாவது நிறுவனத்தின் தாளில் கையெழுத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால், பேசி முடித்ததை நீங்களே வாட்ஸ்அப்பில், "அண்ணா, இன்று நாம் பேசியபடி மாதம் இவ்வளவு சம்பளம், பெட்ரோலுக்குத் தனியாக இவ்வளவு, ஒன்றாம் தேதி முதல் வேலைக்கு வருகிறேன்" என்று பணிவாக அனுப்பிவையுங்கள். "சரி" என்று ஒரு சொல் பதிலாக வந்தாலும் அது பிற்காலத்தில் ஓர் ஆதாரம்.

சட்ட நிலவரத்தையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர்கள் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களுக்காக இயற்றப்பட்டது. தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் நெடுங்காலம் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். அச்சு ஊடகத்தினருக்குக் கிடைத்த மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளும் இவர்களைத் தொடவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில்தான் மின்னணு ஊடகத்திலும் எண்ணிம ஊடகத்திலும் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ பணியாற்றுபவர்களும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பணி ஆணை கட்டாயம், தொடர்ச்சியான நான்கு வாரங்களில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு என்பவை அதில் அடங்கும். ஆனால், பணிச்சூழல் பற்றிய இந்தத் தொகுப்பு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கே பொருந்துவது. நான்கு பேர் மட்டும் இருக்கும் மாடி அறைச் சேனல் அதிலிருந்து நழுவிவிடும். ஊதியத் தொகுப்புக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும், விலகியவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளவை.

இந்த உரிமைகள் எல்லாம் ஊழியராக நியமிக்கப்பட்டவருக்கே. ஒரு செய்திக்கு இவ்வளவு என்று பெறும் ஸ்ட்ரிங்கராக உங்களை எடுத்துக்கொண்டால், நிறுவனம் உங்களை ஊழியர் என்றே ஒப்புக்கொள்ளாது. அப்படியானால் ஒளிபரப்பான ஒவ்வொரு செய்தியையும் தேதி, தலைப்பு, ஒளிபரப்பான நேரம் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் பட்டியலாக அனுப்புவது உங்கள் வேலையின் ஒரு பகுதியாகிவிட வேண்டும். "ஒளிபரப்பானால்தான் பணம்" என்று சொல்லும் இடங்களில், அலுவலகம் கேட்டு நீங்கள் போய் எடுத்துவந்த செய்தி ஒளிபரப்பாகாமல் போனால் பயணச் செலவாவது உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாம் படி: கணக்குப் போடுங்கள்

சம்பளத் தொகையைக் கேட்டதும் தலையாட்டிவிடாமல், கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாளுக்கு 1,560 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி என்றால் ஏறத்தாழ 35 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டாலே 3,500 ரூபாய் பெட்ரோலுக்கு மட்டும் போகிறது. இதோடு ஆயில் மாற்றுவது, டயர், வீடியோ அனுப்புவதற்கான டேட்டா, வெளியில் சாப்பிடும் மதியச் சாப்பாடு, டீ ஆகியவற்றைச் சேருங்கள். பயணப்படி இல்லாத வேலையில் நிறுவனத்தின் செய்திச் செலவில் ஒரு பங்கை நீங்கள்தான் தூக்கிச் சுமக்கிறீர்கள். ஆகவே சம்பளத்தைக் கூட்டித் தரக் கேட்பதைவிடப் பெட்ரோல் படியைத் தனியாகக் கேட்பது பயன் தரும். "மாவட்டம் முழுக்கச் சுற்றச் சொல்கிறீர்கள், பெட்ரோலை மட்டும் ஆபீஸ் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற கோரிக்கையை மறுப்பது உரிமையாளருக்குச் சங்கடம்.

கேமரா யாருடையது என்பது அடுத்த கேள்வி. இப்போது பல இடங்களில் செய்தியாளரின் கைபேசியே கேமராவாகவும் இருக்கிறது. உங்கள் கைபேசி மழையில் நனைந்தாலோ, கூட்டத்தில் பறிக்கப்பட்டாலோ செலவை யார் ஏற்பது என்று கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கேமராவைப் பெற்றால், அதன் நிலை, உதிரிகள், மெமரி கார்டு எண்ணிக்கை ஆகியவற்றைப் பெறும்போதே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்கு வருங்கால வைப்பு நிதியும், பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிறார், அவர் கட்டுவது 0.75 சதவீதம், நிறுவனம் கட்டுவது 3.25 சதவீதம். நாள் முழுக்க இரு சக்கர வாகனத்தில் அலையும் ஒருவருக்கு இ.எஸ்.ஐ. இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு. நிறுவனம் தராவிட்டால், குறைந்தபட்சம் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீட்டையாவது உங்கள் பெயரில் எடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்.

நான்காம் படி: முதல் மாதங்களில் வேலையைக் கற்றுக்கொள்ளும் விதம்

உள்ளூர் செய்தியாளரின் நாள் காலையில் வாட்ஸ்அப் குழுக்களோடு தொடங்குகிறது. செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் நடத்தும் குழு, காவல்துறைக் குழு, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு குழு என்று பல இருக்கும். இவற்றில் வரும் அழைப்புகளின் பின்னாலேயே ஓடினால் நாள் முடிந்துவிடும்; பிரஸ் மீட்டுகளும் திறப்பு விழாக்களும் தவிர வேறெதுவும் உங்கள் பெயரில் வராது. ஒரு நாளில் அலுவலகம் அனுப்பும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு இடையில், நீங்களாகத் தேடிப் போகும் ஒரு செய்தியாவது இருக்கட்டும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு, பேருந்து நிலையம், உழவர் சந்தை, சார்பதிவாளர் அலுவலக வாசல் ஆகிய இடங்களில் சும்மா அரை மணி நேரம் நின்றாலே ஊரில் என்ன நடக்கிறது என்பது காதில் விழும்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் புதியவருக்குப் பெரிய பள்ளிக்கூடம். மனுவோடு வரிசையில் நிற்பவர்களிடம் மைக்கை நீட்டுவதற்கு முன், மனுவை வாங்கி முழுக்கப் படித்துவிடுங்கள். எந்தத் துறைக்கு, எந்தத் தேதியில், எத்தனையாவது முறையாக மனு கொடுக்கிறார் என்பதிலேயே செய்தி இருக்கும். பைட் (ஒருவர் கேமரா முன் சொல்லும் கருத்து) எடுக்கும்போது முதலில் பெயரையும் தலைப்பெழுத்தையும் ஊரையும் கேமராவிலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மாலையில் எடிட்டர் திரையில் பெயர் போடும்போது போன் செய்து கேட்க வேண்டியிருக்காது. கைபேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு விஷுவலையும் அசைக்காமல் பத்து விநாடி எடுங்கள். இடத்தின் முழுக் காட்சி ஒன்று, ஆட்கள் தெரியும் நடுக் காட்சி இரண்டு, கையில் உள்ள மனு, காலிக் குடம், உடைந்த குழாய் போன்ற நெருக்கமான காட்சிகள் மூன்று என்ற கணக்கு இருந்தால் இரண்டு நிமிடச் செய்திக்குக் காட்சி பற்றாக்குறை வராது. அங்கிருந்து கிளம்புவதற்கு முன் சம்பந்தப்பட்ட அலுவலரிடமும் ஒரு பைட் கேளுங்கள். அவர் பேச மறுத்தால், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பின் கருத்து இல்லாத செய்தி மறுநாள் உங்களை மிரட்டுவதற்கு அவர்கள் கையில் கிடைக்கும் முதல் காரணமாகிவிடும்.

மாலை ஏழு மணிச் செய்தி என்றால் நான்கு மணிக்குள் விஷுவலும் ஸ்கிரிப்டும் போய்ச் சேர வேண்டும். ஸ்கிரிப்டைக் குரல் பதிவாக அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய சேனலுக்குப் போகும்போது உங்களிடம் முதலில் கேட்கப்படுவது, பிழையில்லாமல் வேகமாக எழுதத் தெரியுமா என்பதுதான். எடுத்த அசல் காட்சிகளைக் குறைந்தது ஆறு மாதமாவது ஒரு ஹார்டு டிஸ்கில் தேதிவாரியாகச் சேமித்துவையுங்கள். வழக்கு வந்தால் வெட்டி ஒட்டிய செய்தி உதவாது, அசல்தான் உதவும்.

ஐந்தாம் படி: விளம்பரமும் கவரும்

இந்தத் தொழிலில் நுழையும் இளைஞர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருமண மண்டபத்தில் ஒரு பிரஸ் மீட். வாசலில் ஒருவர் தாளை நீட்டுவார். அதில் பெயர், சேனல், கைபேசி எண் ஆகியவற்றை எழுத வேண்டும். கூட்டம் முடிந்து டீயும் வடையும் வந்த பிறகு, அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவருகே நிற்பார். பெயரைக் கூப்பிட்டதும் ஒவ்வொருவராகப் போய்க் கையில் ஒரு கவரோடு திரும்புவார்கள். "வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கங்க தம்பி" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். பெட்ரோல் படி இல்லாத செய்தியாளருக்கு அந்தச் சொல் நேராக மனதில் தைக்கும். வாங்கியவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் நிறுவனமே சம்பளம் கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு, செய்தியாளரை அந்தக் கதவருகே கொண்டுபோய் நிறுத்துகிறது. பழியில் பெரும்பங்கு அப்படிப்பட்ட உரிமையாளருடையது.

ஆனாலும் வாங்க வேண்டாம். அந்தத் தாளில் உங்கள் பெயருக்கு எதிரே போடப்படும் குறியீடு, ஊரில் சிலருடைய கோப்புகளில் பல ஆண்டுகள் இருக்கும். பிறகு ஒருநாள் அதே நபர் ஆக்கிரமித்த நீர்நிலையைப் பற்றிச் செய்தி போடப் போகும்போது, "நம்மகிட்ட வாங்கின பையன்தானே" என்று உங்கள் ஆசிரியரிடமே சொல்வார். மறுப்பதற்கு நீண்ட விளக்கமோ முகச்சுளிப்போ தேவையில்லை. "மன்னிச்சுக்கங்க அண்ணே, ஆபீஸ்ல வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, செய்தி கண்டிப்பா போயிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுங்கள். வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவதைத் தவிர்ப்பதும் நல்லது; உங்கள் வருகைக்கு மைக் ஐடியே (மைக்கில் மாட்டியிருக்கும் சேனல் பெயர்ப்பட்டை) சாட்சி. சக செய்தியாளர்கள் தொடக்கத்தில் கேலி செய்வார்கள், ஒரு சிலர் விலகியும் போவார்கள். சில மாதங்களில் அது ஊருக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு கவரை உங்களிடம் நீட்டவே மாட்டார்கள்.

விளம்பரம் வேறு வகைச் சிக்கல். தீபாவளி, பொங்கல், தலைவர்களின் பிறந்த நாள் ஆகியவற்றுக்கு வாழ்த்து விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வதும், அதில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுப்பதும் உள்ளூர் சேனல்களில் நடைமுறை. முற்றிலும் மறுத்தால் வேலையே இல்லை என்ற நிலை சில இடங்களில் இருக்கலாம். சேரும்போதே, "விளம்பரத்துக்குத் தனி ஆள் இருக்கிறாரா, எனக்கு இலக்கு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால், நீங்கள் செய்தி சேகரிக்கும் அலுவலகங்களிலும் காவல் நிலையங்களிலும் ஒப்பந்ததாரர்களிடமும் விளம்பரம் கேட்க மாட்டேன், கடைவீதியில் மட்டும் கேட்கிறேன் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். தொகையை உங்கள் கைபேசி எண்ணுக்கு வாங்காமல் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். செய்தியை நிறுத்திவைப்பதற்காக விளம்பரம் கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல். அந்த வழக்கில் கைதாகி நிற்பது செய்தியாளர்தான், அனுப்பியவர் அல்ல.

ஆறாம் படி: எதைக் காட்டக் கூடாது

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என எதையும் காட்டக் கூடாது. முகத்தை மட்டும் மறைத்துவிட்டு வீட்டையும் தெருவையும் தந்தையின் பைட்டையும் காட்டுவது சிறிய ஊரில் பெயரைச் சொல்வதற்குச் சமம். இளஞ்சிறார் நீதிச் சட்டமும் சிறுவர்களின் அடையாளத்தை இதேபோல் காக்கிறது. காவல்துறைக் குழுவிலேயே பெயரோடு தகவல் வந்தது என்பது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீக்குளித்து இறந்தார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு செய்தியாளரும் அந்த நாளை மனதில் வைத்திருக்க வேண்டும். யாரேனும் கேனைத் திறப்பதைப் பார்த்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் குரல் கொடுத்துத் தடுக்க ஓடுங்கள். "மனு கொடுக்க வர்றேன், தீக்குளிக்கப் போறேன், கேமராவோட வாங்க" என்று முன்கூட்டியே போன் வந்தால் அதைக் காவல்துறைக்கு உடனே தெரிவியுங்கள். ஒரு விஷுவலுக்காக ஓர் உயிர் போவதை எந்த ஆசிரியரும் உங்களிடம் கேட்க உரிமையில்லை. கேட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

ஏழாம் படி: பாதுகாப்பு

2020 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் அருகே தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றின் இளம் செய்தியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் திருப்பூர் மாவட்டம் பல்லடம் பகுதியில் மற்றொரு தொலைக்காட்சிச் செய்தியாளர், தன்னைச் சிலர் பின்தொடர்வதாகக் காவல்துறைக்குத் தொலைபேசியில் பலமுறை சொன்ன பிறகும் கொடூரமாக வெட்டப்பட்டார். இருவரும் ஊருக்குள்ளேயே வாழ்ந்து ஊரைப் பற்றியே செய்தி சேகரித்தவர்கள். சென்னையிலிருந்து வந்து போகும் செய்தியாளருக்கு இல்லாத ஆபத்து இது: நீங்கள் யாரைப் பற்றிச் செய்தி போடுகிறீர்களோ அவருக்கு உங்கள் வீடு தெரியும்.

ஆற்று மணல், கஞ்சா, நில ஆக்கிரமிப்பு, கந்துவட்டி ஆகிய நான்கிலும் தனியாகப் போகாதீர்கள். வேறு சேனல் நண்பர்களோடு சேர்ந்து ஒரே நாளில் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். எல்லாரும் போட்ட செய்திக்கு ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினம். மிரட்டல் வந்தால் தொலைபேசியில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து மனு ரசீது பெறுங்கள். நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பின்தொடர்கிறார்கள் என்ற ஐயம் எழுந்தால் வீட்டுக்குப் போகாமல் ஆட்கள் நிறைந்த, சிசிடிவி உள்ள இடத்திலேயே நின்றுகொண்டு நண்பர்களை அழையுங்கள்.

மழை, வெள்ளக் காலங்களுக்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல ஊர்களில் நாள்கணக்கில் இல்லை. அத்தகைய நாளில் உங்கள் சேனலின் கேபிளே வேலை செய்யாது. லைவ் கொடுக்க வேண்டும் என்று ஓடும் தண்ணீருக்குள் இறங்குவதில் பொருளே இல்லை. பவர் பேங்க், தண்ணீர் புகாத உறை, ரப்பர் காலணி, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எங்கே போகிறோம் என்ற தகவல் ஆகியவை போதும். அறுந்து கிடக்கும் மின்கம்பியின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பெண் செய்தியாளர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் இடத்திலும், உரிமையாளரே குற்றம் செய்தவராக இருந்தாலும், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். சிறிய சேனல்களில் குழுவே கிடையாது என்பதால் இந்த இரண்டாவது வழிதான் பெரும்பாலும் பயன்படும். இரவு நேரச் செய்திக்கு அனுப்பினால் திரும்பி வருவதற்கான வண்டியையும் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

எட்டாம் படி: அட்டை, சங்கம், விலகல்

நிறுவனம் கொடுக்கும் அடையாள அட்டையும் அரசின் அங்கீகார அட்டையும் வேறு வேறு. பேருந்துச் சலுகை போன்றவை அங்கீகார அட்டைக்கே உரியவை. அதற்கான தகுதியை மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் நேரில் கேட்டு, சேர்ந்த நாளிலிருந்தே அதற்கு வேண்டிய ஆவணங்களைச் சேர்த்துவாருங்கள். தமிழ்நாடு அரசு 2021இல் பத்திரிகையாளர் நல வாரியத்தை அமைத்தது. அதில் உறுப்பினராவதற்கும் பணிச் சான்று முக்கியம் என்பதால், மறுபடியும் அந்தப் பணி ஆணையிடமே வந்து நிற்கிறோம். மாவட்டப் பத்திரிகையாளர் சங்கத்தில் சேருவதற்கு முன், அங்கே தேர்தல் நடக்கிறதா, வரவு செலவுக் கணக்கு வைக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல சங்கம் இருந்தால் காவல் நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டிய நாளில் உங்களோடு பத்துப் பேர் வருவார்கள்.

சம்பளம் இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பாக்கித் தொகையைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், வாட்ஸ்அப் உரையாடல், செய்திப் பட்டியல், நீங்கள் மைக் பிடித்து நிற்கும் ஒளிபரப்பு ஆகிய எல்லாமே அங்கே ஆதாரங்கள். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுப்பவரிடம் முதல் மாதத்திலிருந்தே வங்கி வழியாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளில் இந்த நிலையத்தில் கற்க வேண்டியதைக் கற்றுவிடலாம் என்பது என் கணிப்பு. வேறு வேலை கிடைத்தால் பணி அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளுக்கு முந்தைய வாரமே கேட்டுப் பெறுங்கள். விலகிய பிறகு கேட்டால் நாளை வா என்பார்கள். உங்கள் சிறந்த செய்திகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஒளிபரப்பான வடிவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மைக் ஐடி, அடையாள அட்டை, கேமரா, மெமரி கார்டு ஆகியவற்றை ஒப்படைக்கும்போது, எதை எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகிய பிறகு அந்த அட்டையை வைத்து வேறு யாரேனும் ஊரில் பணம் கேட்டு, புகார் உங்கள் பெயரில் வந்தால், காவல் நிலையத்தில் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கும்.